வேலைத்தலத்தில் எழுதும் ஆங்கிலம்: நான் பட்டதும் படித்ததும்

(எமது சங்கத்தின் சித்திரைப் புத்தாண்டு ஒன்றுகூடலில், மேற்கு லண்டனில் உள்ள ஓர் உணவுத் தொழிற்சாலையில் பணிபுரியும் சங்க உறுப்பினர் ஒருவர் ஆற்றிய உரை. அன்று வந்திருந்த பலரும் கேட்டுக்கொண்டதற்கிணங்க அதன் எழுத்து வடிவத்தை இங்கு தருகின்றோம். - மலர்க்குழு)



இந்த மேடையில் வழக்கமாக டொக்டர்மார், எக்கவுண்டன்மார், ஆசிரியர்மார்தான் பேசுவார்கள். இம்முறை செயலாளர் அண்ணை என்னைப் பிடித்துவிட்டார். "பிள்ளையளின்ரை நடனத்துக்கு முதல் இருபது நிமிசம் கதையுங்கோ தங்கச்சி, நீங்கள் வேலையிலை பட்ட பாட்டைச் சொன்னாலே காணும்" என்றார். சோறு ஆறுவதற்குள் முடித்துவிடுவேன் என்று அவருக்கு வாக்குக் கொடுத்திருக்கிறேன்.

நான் பட்டதாரி இல்லை. வடமராட்சியில் பிறந்து வளர்ந்தவள். 2006 ஆம் ஆண்டு ஆவணி மாதம் ஏ-9 பாதை பூட்டப்பட்டது உங்களில் பலருக்கு நினைவிருக்கும். அடுத்த வருசம், 2007 இல், மண்ணெண்ணெய் விளக்கில் படித்து, வர்த்தகப் பிரிவில் ஏ.எல். சோதினை எழுதினேன். பாஸ் பண்ணினேன், ஆனால் வெட்டுப்புள்ளி காணாது. அதோடு படிப்பு முடிந்தது. 2011 இல் இந்த நாட்டுக்கு வந்தேன். 2013 இல் அசைலம் கிடைத்தது. 2017 இல் இருந்து சான்ட்விச் செய்கிற ஒரு தொழிற்சாலையில் இரவு ஷிப்ற். இப்போது எனக்கு முப்பத்தேழு வயது. இவ்வளவுதான் என் வரலாறு.

இன்றைக்கு நான் பேசப் போவது பிஸ்னஸ் இங்கிலிஸ் பற்றி. அந்தச் சொல்லைக் கேட்டதும் சிலர் சிரிக்கிறீர்கள். கோட்டும் ரையும் போட்டு, பெரிய ஒபிசில் இருக்கிறவர்களுக்குத்தான் அது என்று நானும் நினைத்திருந்தேன். ஆனால் உங்களுடைய பேஸ்லிப் பிஸ்னஸ் இங்கிலிஸ். விபத்துப் புத்தகம் பிஸ்னஸ் இங்கிலிஸ். சுகமில்லை என்று நிரப்பிக் கொடுக்கிற போர்ம், ஷிப்ற் முடியும்போது அடுத்த ஆளுக்கு எழுதி வைக்கிற குறிப்பு, மனேஜர் நீட்டி "இதிலை ஒரு சைன்" என்று கேட்கிற தாள், எல்லாமே அதுதான். தலையில் வலைத்தொப்பி போட்டு நிற்கிற எங்களுக்குத்தான் அது முதலில் வேண்டும்.

எங்களில் பலர் இந்த நாட்டில் முதன்முதலில் படித்த ஆங்கிலம் எது? பள்ளிக்கூட ஆங்கிலம் இல்லை. கடைத்தெரு ஆங்கிலமும் இல்லை. ஹோம் ஒபிஸ் ஆங்கிலம். இன்ரவியூ, ஸ்ரேற்மென்ற், எவிடென்ஸ், றிபியூசல், ஹியறிங், அப்பீல். "குட் மோர்னிங்" சரியாகச் சொல்லத் தெரியாத ஆளுக்கும் "றிபியூஸ்ட்" என்றால் என்ன என்று தெரியும். சொலிசிற்றருக்கு முன்னால் இருந்து எங்கள் வாழ்க்கையையே பக்கம் பக்கமாகச் சொன்னோம். எந்தத் திகதி, எந்த முகாம், எத்தனை நாள். ஒரு திகதி பிழைத்தால் அதைப் பிடித்துக்கொண்டு, நீ சொன்னது முழுவதும் நம்பத்தக்கதல்ல என்று கடிதம் வரும். எனக்கும் வந்தது. அப்பீலில்தான் வென்றேன்.

அந்த அனுபவம் எங்கள் மனதில் ஒரு பாடத்தைப் பதித்துவிட்டது. "எழுத்திலை குடுத்தால் மாட்டுப்படுவம்." ஆகவே வேலையிலும் எழுத வேண்டிய இடத்தில் எழுதாமல் வாயால் சொல்லிவிட்டுப் போகிறோம். எழுதச் சொல்லிக் கட்டாயப்படுத்தினால், பயத்தில் ஒரு வரியும் ஒரு சொறியும் எழுதிக் கொடுத்துவிடுகிறோம். நானும் அப்படித்தான் செய்தேன். அதனால் என்ன நடந்தது என்று சொல்கிறேன். இதைச் சொல்ல எனக்கு இன்னும் கொஞ்சம் வெட்கமாகத்தான் இருக்கிறது.

2022 ஆம் ஆண்டு, ஓர் இரவு. எங்கள் லைனில் முட்டை மயோனேஸ் சான்ட்விச் போய்க்கொண்டிருந்தது. இரண்டு மணி நாற்பது இருக்கும். பெட்டியை எடுத்துப் பார்த்தால் அதில் சீஸ் சான்ட்விச்சின் லேபல் ஒட்டியிருக்கிறது. முந்தைய ஓட்டத்தின் லேபல் றோலை யாரோ மெசினில் இருந்து கழற்றாமல் விட்டுவிட்டார்கள். உள்ளே முட்டை, வெளியே முட்டை என்று ஒரு சொல் இல்லை. இது விளையாட்டு விசயம் இல்லை. இந்த நாட்டுச் சட்டத்தில் கட்டாயம் குறிப்பிட வேண்டிய ஒவ்வாமைப் பொருட்கள் 14. முட்டை அதில் ஒன்று, எள்ளு இன்னொன்று. 2016 இல் பதினைந்து வயதுப் பெண்பிள்ளை ஒருத்தி, எள்ளு இருப்பது லேபலில் போடப்படாத பாணைச் சாப்பிட்டு இறந்துபோனாள். அதற்குப் பிறகுதான், கடையிலேயே செய்து பொதி பண்ணி விற்கிற உணவுக்கும் முழு விபரமும் போட வேண்டும் என்று நட்டாஷா சட்டம் 2021 ஒக்ரோபர் 1 இல் இருந்து நடைமுறைக்கு வந்தது. எங்களைப் போன்ற தொழிற்சாலைகளுக்கு அந்தக் கட்டாயம் அதற்கு முன்னரே இருந்தது.

நான் உடனே லைனை நிற்பாட்டினேன். ஷிப்ற் லீடரிடம் ஓடிப்போய்ச் சொன்னேன். அவர் வந்து பார்த்துவிட்டு, "சரி, றோலை மாத்திப்போட்டு ஓட்டு" என்றார். நான் சரியான றோலைப் போட்டேன். லைன் மறுபடி ஓடியது. என் மனதில், ஒரு பெரிய பிழையைத் தடுத்துவிட்டேன் என்ற சந்தோசம். அந்த நேரத்தில் நான் ஒரு துண்டிலும் ஒன்றும் எழுதவில்லை.

ஆனால் நான் காண்பதற்கு முன்னர் ஓடிய பெட்டிகள் கொஞ்சம் லொறியில் ஏறிப் போய்விட்டன. அடுத்த நாள் ஒரு கடையில் பிடித்துவிட்டார்கள். யாருக்கும் ஒன்றும் நடக்கவில்லை, கடவுள் காப்பாற்றினார். சரக்கு முழுவதையும் திருப்பி எடுத்தார்கள். பிறகு விசாரணை. அந்த மெசினில் நின்ற எல்லோரும் ஒரு ஸ்ரேற்மென்ற் எழுதித் தர வேண்டும் என்றார்கள். ஸ்ரேற்மென்ற் என்ற சொல்லைக் கேட்டவுடனேயே எனக்குக் கை நடுங்கத் தொடங்கியது. பேனையை எடுத்து இரண்டு வரி எழுதினேன். "ஐ சேஞ்ச்ட் த லேபல். சொறி ஃபோ த மிஸ்ரேக்."

என் மனதில் நான் எழுதியது என்ன? பிழையான லேபல் இருந்தது, அதை நான்தான் மாற்றிச் சரிப்படுத்தினேன், இப்படி ஒரு பிழை நடந்ததற்கு மனவருத்தம். அவர்கள் வாசித்தது என்ன? லேபலை நான் மாற்றினேன், என் பிழைக்கு மன்னிப்புக் கேட்கிறேன். இரண்டும் ஒரே வரிதான். எழுதினவளுக்கு ஒரு கருத்து, வாசித்தவருக்கு வேறு கருத்து. ஷிப்ற் லீடரிடம் கேட்டபோது, நான் வந்து சொன்னது தனக்கு ஞாபகம் இல்லை என்று சொல்லிவிட்டார்.

ஒரு கிழமைக்குப் பிறகு வீட்டுக்குக் கடிதம் வந்தது. அந்த நேரம் அவர் வேலைக்குப் போய்விட்டார். நான் நித்திரைத் தூக்கத்தில் இருந்தேன். எட்டு வயது மகளிடம் கொடுத்து, "என்ன போட்டிருக்கு எண்டு வாசிச்சுச் சொல்லு குஞ்சு" என்றேன். அவள் முதல் வரியை வாசித்துவிட்டு, "அம்மா, உங்களை இன்வைற் பண்ணியிருக்கினம்" என்றாள். நான், ஏதோ பாட்டிக்குக் கூப்பிட்டிருக்கிறார்கள் போலும் என்று நினைத்தேன். அவள் தொடர்ந்து வாசிக்க வாசிக்க அவளின் குரல் மெல்லமாகிவிட்டது. கடைசியில் தாளை மடித்து வைத்துவிட்டு என் முகத்தைப் பார்த்துக் கேட்டாள்: "அம்மா, நீங்கள் என்ன பிழை செய்தனீங்கள்?"

எனக்கு வேலை போனாலும் பரவாயில்லை என்று இருந்தது. தாயின்மேல் வந்த குற்றச்சாட்டைப் பிள்ளையின் வாயாலேயே வாசிப்பித்தேன் என்பதை நினைத்தால் இன்றைக்கும் தாங்க முடியவில்லை. இங்கே இருக்கிற தாய் தகப்பன்மாரே, உங்களில் எத்தனை பேருடைய பிள்ளைகள் உங்களுக்கு வருகிற கடிதங்களை வாசித்துச் சொல்கிறார்கள்? கை உயர்த்த வேண்டாம். மனதுக்குள் எண்ணிப் பாருங்கள்.

அந்தக் கடிதத்தில் இன்னொரு வசனமும் இருந்தது. "அக்கொம்பனீட்" என்ற சொல். அதற்குள் "கொம்பனி" என்று இருந்தபடியால், கொம்பனி ஆட்களும் வந்து இருப்பார்கள் என்று விளங்கிக்கொண்டேன். உண்மையில் அது எனக்கு இருந்த உரிமை. இப்படியான விசாரணைக்குப் போகும்போது கூட வேலை செய்கிற ஒருவரையோ, யூனியன் ஆள் ஒருவரையோ துணைக்குக் கூட்டிக்கொண்டு போகலாம். 1999 ஆம் ஆண்டுச் சட்டம் ஒன்றிலேயே அது இருக்கிறது. நான் தனியப் போனேன். கேட்ட கேள்விக்கெல்லாம் "யெஸ், யெஸ்" என்று தலையாட்டினேன். "யெஸ்" என்றால் எனக்கு "நீங்கள் சொல்லுறது கேக்குது" என்று அர்த்தம். அவர்களுக்கு "ஒத்துக்கொள்கிறேன்" என்று அர்த்தம்.

முடிவு, பன்னிரண்டு மாதத்துக்கு எழுத்து மூல எச்சரிக்கை. விரும்பினால் ஐந்து வேலை நாட்களுக்குள் அப்பீல் செய்யலாம் என்றும் எழுதியிருந்தது. அப்பீல் என்றதும் எனக்கு ஞாபகம் வந்தது கோடும், நீதிபதியும், திருப்பி அனுப்புகிற பிளேனும்தான். வேலைத்தலத்தில் அப்பீல் என்றால் இன்னொரு மனேஜருக்கு, "இந்த முடிவு பிழை, காரணம் இது" என்று ஒரு பக்கக் கடிதம் எழுதுவதுதான் என்று எனக்கு அப்போது தெரியாது. ஹோம் ஒபிசுக்கும் அதற்கும் ஒரு சம்பந்தமும் இல்லை. நான் பேசாமல் இருந்துவிட்டேன். அந்தப் பன்னிரண்டு மாதமும் எனக்கு ஓவர்ரைம் தரப்படவில்லை. ஊரில் அம்மாவுக்கு அனுப்புகிற காசைக் குறைத்தேன். ஏன் குறைந்தது என்று அம்மாவுக்குச் சொல்லவில்லை.

2023 தை மாதம், எங்கள் பகுதி வளர்ந்தோர் கல்லூரியில் ஈசோல் வகுப்புக்குப் போய்ச் சேர்ந்தேன். அந்த வகுப்புகளில் என்ரி ஒன்று, இரண்டு, மூன்று என்று தொடங்கி, அதற்கு மேல் லெவல் ஒன்று, இரண்டு என்று படிகள் இருக்கின்றன. பேசவைத்துப் பார்த்தபோது என்னை என்ரி மூன்றில் போடலாம் என்றார்கள். எழுதவைத்துப் பார்த்தபோது ஒரு படி கீழே போட்டார்கள். எங்களில் பலருக்கு இதுதான் நிலை. நான் பிரஜாவுரிமைக்கு விண்ணப்பித்தபோதுகூடப் பேசுவதையும் கேட்பதையும்தான் சோதித்தார்கள். எழுதத் தெரியுமா என்று யாரும் கேட்கவில்லை. ஆனால் வேலைத்தலத்தில் வாயால் சொன்னது காற்றோடு போய்விடுகிறது. எழுத்தில் இருப்பதுதான் நிற்கிறது.

இரவு வேலை முடித்து, முகம் கழுவிக்கொண்டு நேரே காலை வகுப்புக்குப் போவேன். எங்கள் ரீச்சர் வயதான ஓர் ஆங்கிலேய அம்மா. ஷிப்ற் மாற்றித் தரும்படி மனேஜருக்கு ஒரு குறிப்பு எழுதுங்கள் என்றார். நான் பள்ளிக்கூடத்தில் படித்தபடி, மதிப்புக்குரிய ஐயா, தாழ்மையுடன் இரந்து கேட்டுக்கொள்வது யாதெனில் என்று ஆங்கிலத்தில் பதினான்கு வரி எழுதினேன். ரீச்சர் சிரிக்கவில்லை. பென்சிலால் ஒவ்வொரு வரியாக வெட்டினார். மிச்சம் இருந்தது இரண்டு வரி: வெள்ளிக்கிழமை இரவு ஷிப்றை ஞாயிறு இரவுக்கு மாற்ற விரும்புகிறேன், என் இடத்தில் வேலை செய்ய இன்னார் சம்மதித்திருக்கிறார். "மனேஜருக்கு இது போதும். இரக்க வேண்டாம், கேளுங்கள்" என்றார்.

இந்த நாட்டுக்காரருக்கே ஒபிஸ் ஆங்கிலம் விளங்காமல்தான் இருந்திருக்கிறது என்பதையும் அவர்தான் சொன்னார். 1979 இல் கிறிஸ்ஸி மேகர் என்ற பெண்மணி, சாதாரண சனத்துக்கு விளங்காத அரசாங்கப் படிவங்களைப் பாராளுமன்றச் சதுக்கத்தில் வைத்துக் கிழித்துப் போட்டு, எளிய ஆங்கிலத்துக்கான இயக்கத்தைத் தொடங்கினாராம். அதைக் கேட்டபோது எனக்கு ஓர் ஆறுதல். விளங்காதது எங்கள் மொக்குத்தனத்தால் மட்டும் இல்லை.

சில மாதம் போனபிறகு, என் பழைய ஸ்ரேற்மென்றின் கொப்பியை ரீச்சருக்குக் காட்டினேன். நடந்ததையும் வாயால் சொன்னேன். அவர் அந்த இரண்டு வரியையும் கனநேரம் பார்த்துக்கொண்டிருந்தார். "உங்களைத் தெரியாத ஒருவர் இந்தத் தாளை மட்டும் வாசித்தால் என்ன நினைப்பார்?" என்று கேட்டார். எனக்கு அப்போதுதான் விளங்கியது.

இதிலே எங்கள் பாசைக்கும் ஒரு பங்கு இருக்கிறது. நாங்கள் தமிழில் "லேபல் மாறிப் போச்சு" என்போம், "லேபலை மாத்தினன்" என்போம். ஒன்று தானாக நடந்தது, மற்றது நான் செய்தது. தமிழில் ஒரு சொல்லிலேயே அது தெரிந்துவிடும். ஆங்கிலத்தில் இரண்டுக்கும் ஒரே "சேஞ்ச்" தான். எதில் இருந்து எதற்கு மாற்றினேன், ஏன் மாற்றினேன் என்று மேலும் இரண்டு சொல் போட்டால்தான் கருத்து நேராகும். "சொறி"யும் அப்படித்தான். வாயால் சொன்னால் அது அனுதாபம். விசாரணைத் தாளில் எழுதினால் குற்றத்தை ஒப்புக்கொள்கிற சொல்லாக வாசித்துவிடுவார்கள்.

நான் எழுதியிருக்க வேண்டியது இதுதான். அதிகாலை 2.40 க்கு, முட்டைச் சான்ட்விச்சில் சீஸ் லேபல் ஒட்டியிருப்பதைக் கண்டேன். லைனை நிற்பாட்டினேன். 2.45 க்கு ஷிப்ற் லீடருக்குச் சொன்னேன். றோலை மாற்றச் சொன்னார். 2.50 க்கு முட்டை லேபல் றோலைப் போட்டேன். அதற்கு முதல் அந்த மெசினில் சீஸ் லேபல் றோலைப் போட்டது நான் இல்லை. ஆறு சின்ன வசனம். ஏ.எல். வேண்டாம், ஐந்தாம் வகுப்பு ஆங்கிலம் காணும். அந்த ஆறு வசனம் தெரியாததால் ஒரு வருசம் போனது.

இனி, நான் படித்ததில் உங்களுக்குப் பயன்படக் கூடியவற்றைச் சுருக்கமாகச் சொல்கிறேன்.

முதலாவது, வேலையில் எதை எழுதினாலும் ஐந்து கேள்விக்குப் பதில் இருக்க வேண்டும். எப்ப? எங்க? என்ன கண்டனீங்கள்? ஆருக்குச் சொன்னனீங்கள்? பிறகு என்ன செய்தது? மணிக்கூட்டைப் பார்த்து நேரத்தைப் போடுங்கள். "கனநேரம்", "கொஞ்சம் சூடு" என்று எழுதாதீர்கள். இங்கிலாந்தில் குளிரில் வைக்க வேண்டிய உணவு 8 பாகைக்கு மேலே போகக் கூடாது என்பது சட்டம். பிறிட்ஜ் 11 காட்டினால் 11 என்றே எழுத வேண்டும். கண்டதை எழுதுங்கள், ஊகித்ததை எழுத வேண்டாம். "அவன் வேணுமெண்டு செய்தவன்" என்பது ஊகம். "அவர் கதவைத் திறந்து விட்டுவிட்டுப் போனதைக் கண்டேன்" என்பது சாட்சி.

இரண்டாவது, இவர்களுடைய மரியாதைச் சொற்களைப் படியுங்கள். "யூ மே விஷ் ரு" என்று எழுதியிருந்தால் உங்கள் விருப்பம் என்று விட்டுவிடாதீர்கள். செய்தால் நல்லது என்று சொல்கிறார்கள். "வுட் பீ கிறேற்ஃபுல்" என்றால் கட்டாயம் செய்து தா என்று அர்த்தம். "இன்வைற்" என்று விசாரணைக்கும் அழைப்பார்கள். எங்களுடைய ஒரு ஐயா, சுப்பவைசர் "ஐ ஆம் அஃப்றெய்ட் யுவர் ஷிப்ற் இஸ் கான்சல்ட்" என்று சொன்னதைக் கேட்டுவிட்டு, "பாவம் பொடியன், ஏன் பயப்பிடுறான்?" என்று எங்களிடம் கேட்டார். அது பயம் இல்லை ஐயா, மனவருத்தமாகச் சொல்கிறாராம், உங்களுக்கு இன்றைக்கு வேலை இல்லை என்று.

மூன்றாவது, சொற்கள். நான் ஏ.எல். இல் கணக்கியலும் வணிகக்கல்வியும் தமிழில் படித்தவள். பேரேடு தெரியும், ஐந்தொகை தெரியும், சரக்கிருப்பு தெரியும். இங்கே வந்து "ஸ்ரொக்" என்றபோது முழித்துக்கொண்டு நின்றேன். சரக்கிருப்பு என்று ஒருவர் சொல்லியிருந்தால் ஒரு மணித்தியாலம் விளக்கியிருப்பேன். எங்களிடம் சரக்கு இருக்கிறது, லேபல்தான் இல்லை. ஆகவே புதுச் சொல்லைப் பாடமாக்க வேண்டாம். தெரிந்த விசயத்துக்கு ஆங்கிலப் பெயரை ஒட்டிக்கொள்ளுங்கள். கிறொஸ் பே என்றால் மொத்தச் சம்பளம். நெற் பே என்றால் கையில் வருவது. டிடக்சன் என்றால் கழிவு. றிடன்டன்ற் என்றால் உங்கள்மேல் குற்றம் இல்லை, அந்த வேலைதான் இல்லாமல் போகிறது. டிஸ்மிஸ் என்றால் அவர்கள் நிற்பாட்டுவது. றிசைன் என்றால் நீங்களாக விடுவது. இந்த இரண்டையும் மாறி எழுதிக் கொடுத்துவிட்டுப் பிறகு அழாதீர்கள். கிறீவன்ஸ் என்றால் உங்களுடைய முறைப்பாடு. யூஸ் பை என்றால் அந்தத் திகதிக்குப் பிறகு சாப்பிடக் கூடாது. பெஸ்ற் பிஃபோ என்றால் அதற்குப் பிறகு ருசி குறையலாம், அவ்வளவுதான்.

நான்காவது, பேஸ்லிப்பை உறையோடு லாச்சிக்குள் போடாதீர்கள். எங்கள் புத்தாண்டு பிறக்க ஒரு கிழமைக்கு முதல், ஏப்ரல் 6 இல், இந்த நாட்டின் வரி வருசம் பிறக்கிறது. மே 31 க்கு முதல் பீ-60 என்ற தாளை வேலைத்தலம் உங்களுக்குத் தர வேண்டும். பேஸ்லிப்பில் 1257 எல் என்று வரிக் குறியீடு இருந்தால், வருசத்துக்கு 12,570 பவுணுக்கு வரி இல்லை என்று அர்த்தம். பீ.ஆர். என்று இருந்தால் முதல் பவுணில் இருந்தே 20 வீதம் வெட்டுகிறார்கள். இரண்டாவது வேலைக்கு அப்படி இருப்பது வழமை. ஒரே ஒரு வேலை செய்கிற ஆளுக்கு அப்படி இருந்தால் உடனே கேட்க வேண்டும். கேட்பதற்கு இரண்டு வரி ஈமெயில் போதும்.

ஐந்தாவது, கையெழுத்து. விளங்காத தாளில் வைக்காதீர்கள். "வாசித்துவிட்டு நாளைக்குத் தருகிறேன்" என்று சொல்வது மரியாதைக் குறைவு இல்லை. தாளைப் பெற்றுக்கொண்டதற்கு மட்டும் சைன் கேட்டால், பக்கத்தில் "றிசீவ்ட்" என்று எழுதித் திகதி போடுங்கள். கொப்பி ஒன்று கேட்டு வாங்குங்கள். தராவிட்டால் உங்கள் போனில் படம் எடுத்து வையுங்கள்.

"இப்ப போனே மொழிபெயர்க்குதே, பேந்தென்னத்துக்கு வகுப்பு?" என்று என் தம்பிமார் கேட்கிறார்கள். நல்ல கேள்வி. வந்த கடிதத்தின் சாரம் விளங்க அது உதவும், நானும் பாவிக்கிறேன். ஆனால் "லேபல் மாறிப் போச்சு" என்பதற்கு அது என்ன எழுதும் என்று உங்களுக்குத் தெரியுமா? எழுதியது சரியா என்று பார்க்கத் தெரிந்த ஆளுக்குத்தான் அந்த உதவி உதவி. கீழே சைன் வைப்பது போன் இல்லை, நீங்கள்.

படித்ததால் என்ன பலன் கண்டாய் என்று கேட்பீர்கள். ஒன்றே ஒன்று சொல்லி முடிக்கிறேன்.

2024 இல், பாத்திரம் கழுவுகிற பகுதியில் வடிகான் அடைத்து, நிலம் எப்போதும் ஈரமாக இருந்தது. நான் நியர் மிஸ் போர்ம் ஒன்று நிரப்பிக் கொடுத்தேன். விபத்து இன்னும் நடக்கவில்லை, ஆனால் நடக்கக் கூடும் என்று அறிவிக்கிற தாள் அது. திகதி, நேரம், இடம், கண்டது. நான்கு வரி. போனில் படமும் எடுத்து வைத்தேன். மூன்றாம் நாள், வேலைக்கு வந்து இரண்டு மாதமும் ஆகாத எங்கள் மட்டக்களப்புத் தம்பி ஒருவர் அதிலேயே வழுக்கி விழுந்தார். மணிக்கட்டு முறிந்துவிட்டது. "சின்ன அடிதான், வீட்டை போ, புத்தகத்திலை எழுதத் தேவையில்லை" என்று ஒருவர் சொன்னார். அந்தப் பிள்ளையும் "ஓம் அக்கா, பிரச்சினை வேண்டாம், வேலை போயிடும்" என்றது. அந்தக் குரலில் எனக்குக் கேட்டது என்னுடைய பழைய குரல்தான்.

நான் விடவில்லை. பத்துப் பேருக்கு மேல் வேலை செய்கிற இடத்தில் விபத்துப் புத்தகம் வைத்திருக்க வேண்டும் என்பது சட்டம். அவர் வாயால் சொல்லச் சொல்ல, அவருடைய சொல்லிலேயே, ஐந்து கேள்விக்கும் பதில் எழுதினோம். அவர் வாசித்துப் பார்த்துவிட்டு இடது கையால் சைன் வைத்தார். ஏழு நாள் வரைக்கும் சுகமில்லை என்று தானே எழுதிக் கொடுக்கலாம், அதற்கு மேல் ஃபிற் நோட் வேண்டும் என்பதையும் சொல்லிக் கொடுத்தேன். மணிக்கட்டு முறிந்தபடியால், கொம்பனி அந்த விபத்தை அரசாங்கத்தின் தொழிற் பாதுகாப்புப் பிரிவுக்கு அறிவிக்க வேண்டி வந்தது.

பிறகு கூட்டம் வைத்தார்கள். நிலம் ஈரம் என்று யாரும் முதலில் சொல்லவில்லையே என்று அங்கே ஒருவர் தொடங்கினார். நான் துணைக்குப் போயிருந்தேன். மூன்று நாளுக்கு முந்திய என் போர்மின் கொப்பியை மேசையில் வைத்தேன். நான் ஒன்றும் பேசவில்லை. பேச வேண்டியும் இருக்கவில்லை. அந்தத் தம்பி இன்றைக்கும் அங்கேதான் வேலை செய்கிறார். வடிகானைத் திருத்திவிட்டார்கள். இப்போது எங்கள் ஷிப்ற் முடியும்போது அடுத்த ஷிப்றுக்கான குறிப்பை எழுதுவது நான்தான். அதற்கென்று சம்பளம் கூட்டவில்லை, அதையும் சொல்லிவிட வேண்டும். ஆனால் நான் எழுதியதைப் பார்த்துத்தான் காலையில் மெசினை ஓட்டுகிறார்கள்.

அன்புக்குரியவர்களே, இறுதியாக ஒரு வேண்டுகோள். சங்கத்தில் பிள்ளைகளுக்குத் தமிழ் வகுப்பு நடக்கிற ஞாயிற்றுக்கிழமைகளில், தாய் தகப்பன்மார் வெளியில் காரிலும் வாசலிலும் இரண்டு மணித்தியாலம் காத்து நிற்கிறோம். அந்த நேரத்தில் பக்கத்து அறையில் ஒரு மேசையைப் போட்டுத் தரும்படி நிர்வாகத்தைக் கேட்டிருக்கிறேன். ஒன்றுவிட்ட ஞாயிறு நான் வந்து இருப்பேன். நான் ரீச்சர் இல்லை. எனக்கும் இன்னும் எழுத்துப் பிழை வரும். ஆனால் உங்களுக்கு வந்த கடிதம், பேஸ்லிப், போர்ம் எதுவானாலும் கொண்டு வாருங்கள், பெயரை மறைத்துக்கொண்டும் வரலாம். சேர்ந்து வாசிப்போம், சேர்ந்து இரண்டு வரி எழுதிப் பார்ப்போம். எனக்கு மிஞ்சினது என்றால் யூனியனிடமோ, இலவச ஆலோசனை நிலையத்திடமோ எங்கே போவது என்று பார்ப்போம். இங்கே கணக்கு வழக்குத் தெரிந்த அண்ணாமார், அக்காமார் ஒரு மணித்தியாலம் தந்தால் பெரிய உதவி.

என் மகளுக்கு இப்போது எங்கள் வீட்டில் ஒரு வேலை குறைந்துவிட்டது. கடிதம் வந்தால் அவள் எடுத்து மேசையில் வைத்துவிட்டுத் தன் பாட்டுக்குப் போய்விடுவாள். நான் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு, அகராதியையும் பக்கத்தில் வைத்துக்கொண்டு வாசிப்பேன். போன மாதம் ஒரு கடிதம் வந்தது. "என்னம்மா, பிரச்சினையோ?" என்று கேட்டாள். "இல்லைக் குஞ்சு, லீவு எத்தினை நாள் மிச்சம் எண்டு போட்டிருக்கினம்" என்றேன். அந்த லீவில்தான் இன்றைக்கு இங்கே நிற்கிறேன்.

பிள்ளைகள் சலங்கை கட்டிக்கொண்டு நிற்கிறார்கள், இனி அவர்களின் நேரம்.